அம்மனுக்குப் புள்ளடி போடாத வெள்ளிக்கிழமை

காலையில் மரண அறிவித்தல் பார்க்கக் கைப்பேசியைத் திறந்தேன். எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கம். தேத்தண்ணி ஆறுவதற்குள் யார் யார் போய்விட்டார்கள் என்று பார்த்துவிட வேண்டும். குருக்கள்மடத்தில் எனக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருவர் காலமானதாகக் கேள்வி. பக்கம் திறந்தது. ரீச்சரின் நெற்றி தெரிந்ததும் ஒரு சிவப்புப் பெட்டி வந்து மீதி முகத்தை மூடிக்கொண்டது. "உங்கள் கைப்பேசியில் வைரஸ், உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று துடித்தது. மூடுவதற்கு மூலையில், பெருக்கல் குறி மாதிரி எள்ளளவு ஒரு புள்ளடி. அதைத் தொட்டால் இன்னொரு பெட்டி திறக்கிறது. செத்த வீட்டு வாசலிலும் கடை போடுகிறார்களே என்று கோபப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அலுப்புத்தான் வந்தது.

அந்தப் புள்ளடியை விரலால் தேடிக்கொண்டிருந்தபோது மூக்கில் ஒரு மணம் வந்து நின்றது. சூடேறிய தூசி, போட்டோக் கொப்பி மை, உப்புக் காற்று மூன்றும் கலந்த மணம். என் முதல் வேலையின் மணம் அது.

பெரியகல்லாற்றில் பிரதான வீதியோரம், தொலைபேசி, போட்டோக் கொப்பி, இணையம் எல்லாம் வைத்திருந்த ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். இரண்டு பக்கத்து உப்பும் சேர்ந்து கொம்பியூட்டரின் தகரத்தைத் தின்றுகொண்டிருக்கும். நான் தினமும் குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். டைப் அடிப்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஊர் என்னைக் 'கொம்பியூட்டர் மிஸ்' ஆக்கிவிட்டது. நானும் மறுப்புச் சொல்லவில்லை. பஸ்ஸில் இடம்கூடக் கிடைத்தது.

அந்த நாளைய இணைய விளம்பரங்களை நினைத்தால் இன்றைக்கும் கண் கூசும். பரிசு விழுந்தது, பெண் பார்க்கலாம், வேகம் கூட்டலாம் என்று மின்னிக்கொண்டே இருக்கும். எதை அமத்தினாலும் ஒரு பிசாசு கூடவே இறங்கும். முதலாளி தன் அறிவுக்கு எட்டிய பாதுகாப்பைச் செய்திருந்தார். கமரா பூட்டிய கொம்பியூட்டருக்கு மேலே ஒரு தேசிக்காயும் மிளகாயும் தொங்கின. உள்ளுக்குள், சந்தையில் வாங்கிய கள்ளக் கொப்பி வைரஸ் காவல். இரண்டில் தேசிக்காய்தான் நேர்மையாக வேலை செய்ததென்று இப்போது தோன்றுகிறது, வாடினாலாவது கண்ணுக்குத் தெரியும்.

அந்தக் கமராவுக்கு முன்னால் வெள்ளிக்கிழமைதோறும் வந்து உட்காருபவர் பூமணி மாமி. கணவர் ஆற்றில் தோணி விடுகிறவர். ஒரே மகள் சுமதி குவைத்தில் வீட்டு வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும், அங்குள்ள மேடம் தன் பிள்ளைகளின் கொம்பியூட்டரில் அவளை உட்கார விடுவார். மாமி அதற்கென்றே தலைமுழுகி, நல்ல சீலை உடுத்து வருவார். திரையில் சுமதி சதுரம் சதுரமாக உடைவாள். வாய் அசைந்து முடிந்த பிறகுதான் சத்தம் வரும். மாமிக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. கண்ணாடியில் கையை வைத்து, "மெலிஞ்சு போனாய் மகள்" என்பார். சதுரத்தில் எப்படி மெலிவைக் கண்டாரோ தெரியாது.

வைகாசி வந்தது. வருசம் முழுக்கச் சாத்தியிருக்கும் கண்ணகை அம்மன் கோயில் கதவு வைகாசியில்தான் திறக்கும், குளிர்த்திச் சடங்கு முடிந்ததும் சாத்திவிடுவார்கள். கதவு திறந்திருக்கும் நாட்களில் மீன்சட்டிகூட அடுப்பில் ஏறாத வீடு மாமியுடையது. அந்த வெள்ளிக்கிழமை நான் யாருடையதோ காணி உறுதியைப் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு நின்றேன்.

"புள்ள, இஞ்ச ஓடி வா! அம்மன் வந்திருக்கு!"

எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க மஞ்சள் சீலையில் ஒரு அம்மன். எந்த ஊர் அம்மனோ, பக்கத்தில் விளக்கு எரிகிறது, காலடியில் இங்கிலீசு எழுத்து, பெரிய பச்சைப் பொத்தான்.

"மாமி, அது விளம்பரம். மேல இருக்கிற புள்ளடிய அமத்துங்க."

"என்னகா கதைக்கிறாய்? கதவு திறந்திருக்கிற நாளையில, தேடி வந்த அம்மன்ட தலையில புள்ளடி போடச் சொல்றியா?"

நான் மேசையைச் சுற்றி வருவதற்குள் மாமி கும்பிட்டுவிட்டு, பயபக்தியோடு பச்சையை அமத்திவிட்டார். எனக்கும் ஒருகணம் கை தன்பாட்டில் கன்னத்துக்குப் போனது. கொம்பியூட்டர் மிஸ்ஸின் இலட்சணம் அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மாமி மகளோடு கதைத்தார், அம்மன் வந்த கதையையும் சொன்னார். கெட்டது பிறகு நடந்தது. இறங்கின சனியன் உள்ளே இருந்துகொண்டு, மாமியின் பெயரில் நான் திறந்து கொடுத்திருந்த கணக்கின் கடவுச்சொல்லைத் திருடியிருக்கிறது. 'இந்தப் படத்தைப் பார்' என்று ஒரு வரி, கீழே ஒரு இணைப்பு. அது மாமியின் பெயரில் சுமதிக்குப் போயிருக்கிறது. அம்மா கோயில் படம் அனுப்பியிருக்கிறா என்று நினைத்து அவள் திறந்திருக்கிறாள். மேடத்தின் பிள்ளைகளுடைய பள்ளிக்கூட வேலைகள் எல்லாம் அந்தக் கொம்பியூட்டரோடு போயின.

சுமதி கடைத் தொலைபேசிக்கு எடுத்தாள். மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டு, மாமியைக் கூட்டி வரச் செய்து தொலைபேசியைக் கொடுத்தேன்.

"மேடம் இனித் தொடப்படாதெண்டுட்டா அம்மா. நீங்க என்னத்த அனுப்பினீங்க?"

"நான் ஒண்டும் அனுப்பல்ல மகள். அம்மனாண."

அந்த முனையிலிருந்து அழுகைதான் கேட்டது.

முதலாளி காத்தான்குடியிலிருந்து றிஸ்வான் நானாவைக் கூப்பிட்டார். கொம்பியூட்டர் திருத்துகிறவர், முன்கோபக்காரர். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றினார். வாடிக்கையாளர் எதை அமத்தினாலும் உள்ளே எதுவும் இறங்க முடியாதபடி அவர்களுக்குத் தனிக் கணக்கு வைத்தார். விளம்பரங்களை மறிக்க ஒன்று, காசு கொடுத்து வாங்கின நல்ல வைரஸ் காவல் ஒன்று.

"அம்மனெண்டு நினைச்சு அமத்தினாங்க நானா" என்றேன்.

"ஆருட படம் வந்தாலும் அதுக்குள்ள ஒண்டையும் தொடாத புள்ள. புள்ளடியும் அந்தக் கள்ளன் கீறினதுதான். பக்கத்தையே முழுசா மூடிரு. மறுகா கிழமைக்கொருக்கா புதுப்பிச்சு வை."

எல்லாம் செய்தோம். கொம்பியூட்டர் சுகமாகிவிட்டது. சுமதியின் அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் திரும்பி வரவில்லை.

மாமி வெள்ளிக்கிழமைகளில் வருவதை விடவில்லை. மேடம் மனம் இரங்கினால் பிள்ளை தேடுமே என்று, தலைமுழுகி நல்ல சீலையோடு வந்து வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். நான் தேத்தண்ணி கொடுப்பேன். குடித்துவிட்டு எழும்பிப் போவார். அந்தக் கடையில் நான் பார்த்ததிலேயே என்னால் தாங்க முடியாதது அதுதான். ஒருமுறை சொன்னார்: "கோயில்ல தெய்வம் ஆடினவரிட்டக் கேட்டன் புள்ள. அண்டைக்கு வந்தது தானில்லையெண்டு அம்மன் சொல்லிட்டா." ஒப்பந்தம் முடிந்து சுமதி வந்திறங்கிய பிறகுதான் மாமி அவள் முகத்தைக் கண்டார்.

இப்போது அந்தக் கொமினிகேஷன் இல்லை. வீடியோக் கோலுக்கு யாரும் தலைமுழுகுவதுமில்லை. சுமதி கலியாணம் முடித்து, பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டுத் திரும்பவும் குவைத்துக்கே போயிருக்கிறாள். மாமியிடம் சொந்தமாகக் கைப்பேசி. அதில் காவல் எல்லாம் நான்தான் போட்டுக் கொடுத்தேன். புதிதாக என்ன களவு வந்திருக்கிறது என்று போகும்போதெல்லாம் சொல்லியும் வைப்பேன். இப்போது குரலையும் செய்கிறார்களாம், முகத்தையும் செய்கிறார்களாம் என்று கடைசியாகச் சொன்னதும் நான்தான்.

போன கிழமை நான் மாமி வீட்டில் இருந்தபோது வீடியோக் கோல் வந்தது. சதுரங்கள் இல்லாத, நரைமயிர்கூடத் தெரிகிற தெளிவான முகம். "அம்மா" என்று சிரித்தாள் சுமதி. மாமி சிரிக்கவில்லை. கைப்பேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாட தோணிக்கு என்ன நிறம்? அத முதல்ல சொல்லு."

"என்னம்மா இது? என்ட முகத்தப் பார்த்துமா?"

"முகம் உன்ட முகந்தான். நிறத்தச் சொல்லு."

சுமதியின் சிரிப்பு நின்றுவிட்டது. "நீலம்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் மாமி, "சாப்பிட்டியா மகள்?" என்று கேட்டார்.