எரு தின்ற தொட்டி

தனப்பிரியா இரும்புத் தொட்டிக்குள் தலையை விட்டு நான்கு மூலைகளையும் மோந்து பார்க்கிறார். பிறகு கை நிறையத் தண்ணீர் அள்ளித் தெளித்துவிட்டு மறுபடி முகர்கிறார்.

"காஞ்சு கெடக்கறப்ப எல்லா இரும்பும் யோக்கியந்தானுங்க. நனைஞ்சாத்தான் குணம் தெரியும்."

சேலத்தில், பழைய வண்டிகளை உடைத்து உதிரியாக விற்கும் கடை இது. சுவரோரம் பிக்கப் வண்டிகளின் பின்பக்கத் தொட்டிகளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏங்கண்ணு, தொட்டி வாங்க வந்தியா, மாம்பழம் வாங்க வந்தியா?"

"துரு இருந்தாப் பரவால்லீங்க, தட்டிக்கலாம். எரு வாடை மட்டும் ஆகாது."

தனப்பிரியா புதுச்சத்திரம் பக்கத்துக்காரர், வயது முப்பத்தைந்து இருக்கும். கோழிப் பண்ணைகளில் கூண்டுக்கு அடியில் குவியும் எருவை ஏற்றிக்கொண்டு போய் மரவள்ளிக் காடுகளிலும் மஞ்சள் காடுகளிலும் கொட்டுவது தொழில். வண்டிக்கு டிரைவர், முதலாளி, சுமைக்கூலி எல்லாம் அவரே. கோழி எரு மண்ணுக்கு உரம், இரும்புக்குக் கரையான். அவருடைய தொட்டியின் தளத்தைச் சல்லடையாக அரித்துவிட்டது. ஒரு நாள் மோகனூர் சாலையில் பின்கதவு தானாகவே கழன்று விழுந்தது. "நான் பாட்டுக்குப் போயிட்டிருக்கறேன். பின்னால வந்த பஸ்காரரு ஆரன் அடிச்சு, 'ஏம்மா, பாதி வண்டிய அங்கயே உட்டுட்டுப் போறியே'ன்னாரு!" இதைச் சொல்லி அவரே முதலில் சிரிக்கிறார்.

அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம். யாரோடு பேச நின்றாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார். பிறகு, தன்மேல் பட்ட காற்று அடுத்தவர் மூக்குக்குப் போகாத பக்கமாக நகர்ந்து நின்றுகொள்வார். குளித்துவிட்டு வந்த நாளிலும் அப்படித்தான். இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "சொல்லோணுங்களா? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா?"

பழைய தொட்டியை ஒட்டுப் போட்டே ஓட்டியிருக்கலாம். ஆனால் அவருக்கு வேண்டியது முட்டை லோடு. எரு என்றைக்கோ ஒரு நாள்தான் கிடைக்கும். முட்டை தினமும் பண்ணையை விட்டுக் கிளம்பியாக வேண்டும். பண்ணை மேனேஜர் மோகன்குமாரும், "பாடிய மாத்திட்டு வா புள்ள, ஏத்தறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பித்தான் இந்த மோப்பமெல்லாம். கடைசியில், தண்ணீர் கேன் சுமந்த ஒரு வண்டியின் தொட்டி அவர் மூக்கில் தேறியது.

அதை மாட்டியது திருச்செங்கோட்டில், செங்கோடன் என்பவரின் பட்டறையில். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கு நடுவே இந்தச் சின்ன வண்டி குட்டியைப் போல நின்றது. பழைய தொட்டியைச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். அடியில் இருந்த சட்டத்தைச் சுரண்டிக் கறுப்புப் பெயின்ட் அடித்து, ரப்பர் பட்டை பரப்பி, மேலே புதிய தொட்டியை இறக்கினார்கள். போல்ட் துளைகள் நேராக அமையவில்லை.

"ஒரு விரக்கடை முன்னால தள்ளுங்ணா."

"நீயே வந்து மாட்டு தாயி, நான் எரு அள்ளப் போறேன்" என்றார் செங்கோடன், கடப்பாரையால் நெம்பிக்கொண்டே.

மாட்டி முடித்ததும் தனப்பிரியா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இது நசுங்கினால் என்னம்மா வரும் என்றேன். "சாறு வருமுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மூடநம்பிக்கையில் அவரை மடக்கலாம் என்று நினைத்த எனக்கு, பண்ணைக்குப் போகும் வழியில் அவரே பாடம் நடத்தினார். "கோழிக்கு ரெண்டு வழி இல்லீங்க. முட்டையும் எருவும் ஒரே வழியாத்தான் வருது. வெளிய வந்த பொறவு மனுசந்தான் ரெண்டு வண்டி தேடறான்." உயிரியல் புத்தகமும் இதையேதான் சொல்கிறது.

மோகன்குமார் தொட்டியைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார்; குனிந்து மோந்தும் பார்த்தார்.

"வாடை இல்ல, ஒத்துக்கறேன். ஆனா ஊருக்கே தெரியுமே, யாரு வண்டின்னு. ஏத்தற ஆளுக ஒரு மாதிரி பேசுவாங்க."

"நீங்க சொல்லித்தானுங்க பாடி மாத்துனேன்."

"அது சரி புள்ள..."

"அன்பரசு அண்ணனும் போன மாசம் வரைக்கும் எருதானுங்க ஏத்துனாரு. பாடி கூட மாத்தல. ரெண்டு பக்கெட்டுத் தண்ணி ஊத்துனாரு, மக்யா நாளே முட்டை ஏத்துனீங்க."

"அன்பரசு நம்ம பையன்."

அந்த 'நம்ம' என்ற சொல்லுக்குப் பிறகு சுத்தத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. அவர் மோந்து கொண்டிருந்தது தொட்டியை அல்ல. எரு வாடையை மாற்ற இரும்புக் கடை இருக்கிறது. பிறந்த தெருவின் பெயரை ஒருவர்மேல் வாடையாகப் பூசி வைத்திருக்கும் நாட்டில், அதைக் கழற்றிப் போட எந்தப் பட்டறைக்குப் போவது?

தனப்பிரியா முன்சீட்டிலிருந்து சோற்றுப் போசியை எடுத்து வந்து, பின்கதவை இறக்கி, மேலே ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். காற்று எந்தப் பக்கம் என்று இப்போது பார்க்கவில்லை. இலையும் வைக்காமல், தட்டும் வைக்காமல், தொட்டியின் வெறும் தகரத்தில் தயிர்ச்சோற்றைக் கவிழ்த்தார். ஊறுகாயை ஓரமாக வைத்தார்.

மேனேஜர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தனப்பிரியா சோற்றின் நடுவே விரலால் ஒரு கோடு கிழித்தார். பிறகு, வாயில் ஒரு பருக்கைகூடப் போடும் முன்பாக, ஒரு பாதியை மேனேஜர் நின்ற பக்கமாக மெல்லத் தள்ளி வைத்தார்.