பாவு மாதிரி இறுக்கிக் கட்டிய பூட்ஸ்

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் பாதிதான். ஆனால் இன்று காஞ்சிபுரத்தில் என் வீட்டில் ஆறு பட்டுத் தறி ஓடுகிறது, ஆறும் என் சொந்தத் தறி. கல்யாண சீசனில் வடக்கத்தி வியாபாரிகள் என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அவர்களோடு பேசிப் பேசியே இந்தி கற்றுக்கொண்டேன். எனக்கு யாரும் உட்காரவைத்து எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்ல வந்தவர்களையும் நான் விட்டதில்லை. அந்தத் திமிர்தான் என் இடது காலில் மூன்று விரல்களைக் கொண்டுபோனது. மிச்சப் பாதம் தங்குமா, அதுவும் போகுமா என்பது இதை எழுதும்போது எனக்குத் தெரியாது.

என் மகள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வருஷத்துக்கு ஒரு மலை ஏறிவிட்டு வருவாள். போன மார்கழியில் வீட்டுக்கு வந்திருந்தபோது, உத்தராகண்ட் பக்கம் ஒரு பனிமலைக்குப் போவதாகச் சொன்னாள்.

"நானும் வரேன்" என்றேன்.

"ப்பா, அது பனி. ஐஸ் பொட்டிக்குள்ள நடக்கற மாதிரி இருக்கும்."

"தெனம் காலையில திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் நடந்து போயிட்டு வரவன் நானு. உன் மலை என்னை இன்னா பண்ணிடும்?"

சிரித்தாள். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். போனைத் திறந்து எனக்கும் சேர்த்து விண்ணப்பம் நிரப்ப ஆரம்பித்தாள். பிபி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. சுகர் இருக்கிறதா என்று கேட்டாள். அதற்கும் இல்லை என்றேன்.

எட்டு வருஷமாக எனக்குச் சர்க்கரை. மகளுக்குத் தெரியாது. மாத்திரையை நூல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு விழுங்கிவந்தேன். தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான். மகள் கிளம்பிப் போனதும் அவள் என் எதிரில் வந்து நின்றாள்.

"பொண்ணு கிட்ட சொல்லிடுங்க. உள்ளங்கால் மதமதன்னு இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"சொன்னா இட்டுக்கினு போவ மாட்டா. சும்மா இரு."



பூட்ஸ் வாங்கச் சென்னைக்குப் போனோம். கடைக்காரர் என் காலை அளந்துவிட்டு, ஒரு சைஸ் பெரிதாக எடுத்து வைத்தார். உள்ளே விரல்கள் விளையாட இடம் வேண்டும், அப்போதுதான் ரத்தம் ஓடும், ரத்தம் ஓடினால்தான் சூடு என்றார். தொளதொள என்று போட்டால் காற்று புகுந்துவிடாதா என்று கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் என் அளவுக்குச் சரியாக இருந்த ஜோடியை எடுத்துக்கொண்டேன்.

இதில் என் தொழில் புத்தியும் வேலை செய்தது. தறியில் நீளவாட்டில் ஓடும் நூலைப் பாவு என்போம். விடியற்காலையில் தெருவில் அதை நீட்டி, இரண்டு முனையிலும் ஆள் நின்று இழுத்துக் கட்டுவோம். விரலால் சுண்டினால் அதிர வேண்டும். பாவு தொய்ந்தால் சேலை போச்சு. ஐம்பது வருஷமாக என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்: இறுக்கம் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும். பூட்ஸ் கயிற்றையும் அப்படித்தான் இழுத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். கம்பளி என்ன பெரிய கம்பளி, பட்டுக்கு மிஞ்சிய சூடு உண்டா என்று என் தறியில் மிஞ்சிய பட்டுத் துண்டுகளைக் கிழித்துப் பாதத்தில் நாலு சுற்றுச் சுற்றினேன். அதன்மேல் இரண்டு கம்பளி சாக்ஸ். அதற்குமேல் அந்தப் பூட்ஸ். அந்தக் கோலத்தில் பத்து நாள் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்று மணலில் நடந்து பழகினேன்.

டீக்கடைக்காரர் கேட்டார், "இன்னாபா, பாலாத்துல பனி பெய்யப் போவுதுன்னு ரேடியோல சொன்னானா?"

"உச்சியில நின்னு உனக்கு போட்டோ அனுப்பறேன். கல்லாவுக்கு மேல மாட்டிக்க" என்றேன்.

மலையில் எங்களை அழைத்துப் போனவர் என் வயசுக்காரர், நரைத்த மீசை. அவருக்கு இந்தி, எனக்கும் இந்தி, பொழுது நன்றாகவே போனது. தினமும் காலையில் எல்லாரையும் நிற்கவைத்து ஒரே பாட்டைப் பாடுவார். பூட்ஸுக்குள் விரலை ஆட்டிக்கொண்டே இருங்கள். சாக்ஸ் நனைந்தால் உடனே மாற்றுங்கள். விரல் வலித்தால் சொல்லுங்கள். வலித்த விரல் வலிக்காமல் போனால் அதைவிடச் சீக்கிரம் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் என் பூட்ஸைப் பார்த்தார். கயிற்றுக்கும் பூட்ஸின் நாக்குக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. தளர்த்தச் சொன்னார். தளர்த்தினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி இழுத்துக் கட்டினேன்.

அன்றைக்கு முழங்கால் வரை பனி. ஏற ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் விரல்களில் ஊசி குத்துவது போல வலி. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். நடு மதியத்தில் அந்த வலி நின்றுவிட்டது. குளிரை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சாப்பிட நின்ற இடத்தில் மகள் காலை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாமா குதிக்கற? என் காலைப் பாரு, கம்முனு இருக்குது."

"உன் காலு மரக்கால்ப்பா" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம்.

வெயில் இறங்குமுன் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தோம். பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. கயிறு உறைந்து கம்பியாக இருந்தது. மீசைக்காரர் கத்தியால் அறுத்தார். சாக்ஸை உருவி, பட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். கடைசிச் சுற்று வேர்வையில் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. விரல்கள் மெழுகுவத்தி நிறத்தில் இருந்தன. இடது காலின் சின்ன விரல்களை நகத்தால் தட்டினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. தட்டியது எனக்குத் தெரியவில்லை.

நான் காலை அடுப்புப் பக்கம் நீட்டினேன். அவர் முரட்டுத்தனமாக இழுத்து அப்பால் வைத்தார். சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது, வெந்துபோகும் என்றார். தேய்க்கவும் விடவில்லை. தன் சட்டையைத் தூக்கி என் இரண்டு பாதத்தையும் தன் வெறும் வயிற்றில் வைத்துக்கொண்டார். முன்பின் தெரியாத மனுஷன். அந்தக் குளிரில் அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது, ஆனால் காலை எடுக்கவில்லை.

"உணர்ச்சி இதுக்கு முன்னாலயே குறைவா உங்களுக்கு?" என்று கேட்டார்.

மகள் பக்கத்தில் இருந்தாள். இனி மறைக்க வழியில்லை.

"எனக்கு சுகர் இருக்குது" என்று தமிழில்தான் சொன்னேன், அவளைப் பார்த்து. "எட்டு வருசமா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அவருக்கு அதை இந்தியில் சொல்லிவிட்டு, தன் கையுறையைக் கழற்றி என் இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வலது கால் வலிக்க ஆரம்பித்தது. கொதிக்கும் சாயத் தொட்டியில் விட்டது போன்ற வலி. கத்தினேன். மீசைக்காரர், நல்லது, நல்லது என்றார். இடது கால் அப்படியே கிடந்தது. வலியைக் கொடு தாயே, காமாட்சி, இந்தக் காலுக்கும் அந்த வலியைக் கொடு என்று வாய்விட்டுக் கேட்டேன். வாழ்க்கையில் தறி கேட்டேன், வீடு கேட்டேன், எல்லாம் கொடுத்தவள். வலியை அன்றைக்குத்தான் கேட்டேன். பெருவிரலில் மட்டும் கொஞ்சம் கொடுத்தாள்.

உருகின காலோடு நடந்து, அது மறுபடி உறைந்தால் மொத்தமும் போய்விடுமாம். அதனால் மறுநாள் காலையில் நாலு பேர் என்னை ஒரு நாற்காலியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பட்டு நல்லதுதான் என்றார் மீசைக்காரர் கூடவே நடந்துகொண்டு. மெல்லிசாக ஒரே ஒரு சுற்று போதும், அதுவும் பெரிய பூட்ஸுக்குள் என்றார். நீங்கள் காலை மூட்டை கட்டிவிட்டீர்கள் என்றார். எனக்கு இந்தியே மறந்துபோனது போல இருந்தது.

காஞ்சிபுரம் வந்த பிறகு விரல்களை உடனே வெட்டவும் இல்லை, அவை ஆறவும் இல்லை. செத்த சதைக்கும் உயிர்ச் சதைக்கும் நடுவில் கோடு தானாகத் தெரிய வேண்டும், அதுவரை பொறுங்கள் என்றார் டாக்டர். தினமும் காலையில் கட்டைப் பிரித்து அந்தக் கோட்டைத் தேடினோம். விரல்கள் நாளுக்கு நாள் கறுத்து உலர்ந்த பேரீச்சம்பழம் போல ஆயின. மனைவி பார்ப்பாள், மகள் லீவு போட்டுவிட்டு வந்து பார்ப்பாள். நான் மோட்டுவளையைப் பார்ப்பேன். கோடு தெரிந்ததும் மூன்று விரல்களை எடுத்தார்கள். எடுத்த இடம் இன்றுவரை மூடவில்லை. சர்க்கரை விடவில்லை. இப்படியே போனால் பாதிப் பாதம், அப்புறம் கணுக்கால் என்று டாக்டர் கையால் என் காலில் தொட்டுத் தொட்டுக் காட்டினார். விலைக்குத் துணி அளக்கிறவன் போல.

இன்று காலை கட்டு மாற்றப் போனோம். மகள் கூட வந்தாள். நர்ஸம்மா என் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஊசி முனையால் பாதத்தைத் தொட்டார்.

"தெரியுதா ஐயா?"

தெரிகிறது என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியலமா."

"இங்க?"

"தெரியல."

ஊசி மேலே வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். அந்த அம்மாவின் குரல்தான் கேட்டது. மகள் என் தோளைப் பிடித்தாள்.

"இங்க?"

எங்கோ ஒரு எறும்பு நகர்ந்தது போல இருந்தது. அது என் காலில்தானா என்று கவனித்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை.

"இன்னொரு தபா குத்துமா" என்றேன். "நெஜமாவே தெரியுதான்னு பாத்துச் சொல்றேன்."