ரா. நாச்சிமுத்து

இன்று காலை பெங்களூரிலிருந்து என் இரண்டாவது மகன் பிரவீன் போன் செய்தான். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். உச்சிக் கிளையில் பேத்தி, நடுவில் நாங்கள், அடிமரத்தில் கொள்ளுத் தாத்தாக்கள். அடியில் நான்கு கட்டம். மூன்றை நிரப்பிவிட்டான். நான்காவதில் நின்றுவிட்டான்.

"அம்மா, அப்புச்சி பேரு என்னம்மா?"

அப்புச்சி என்றால் எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவர். அதாவது என் அப்பா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குக்கர் விசில் அடிக்குது கண்ணு, அப்பறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

அப்போதிலிருந்து உட்காரவில்லை. ஃப்ரிட்ஜை மூன்று முறை திறந்து மூடினேன். வாசலுக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்து எத்தனையோ பிள்ளைகளைக் கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் உட்கார வைத்தவள் நான். இன்று என்னை உட்கார வைக்க ஆளில்லை. கைக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று முருங்கைக்காயை எடுத்து நறுக்கினேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

முருங்கைக்காய் வாசம் என் அப்பாவின் பையினுடையது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அங்கிருந்து மாதம் ஒருமுறை பஸ் ஏறி, பீளமேட்டில் நான் வாழ வந்த வீட்டுக்கு வருவார். பை நிறைய முருங்கைக்காய், வெளியே நீட்டிக்கொண்டு. பஸ்ஸில் எத்தனை பேரை அது குத்தியதோ தெரியாது. தின்பண்டம் வாங்கி வரமாட்டார், "கடைப் பலகாரம் வவுத்துக்கு ஆகாது" என்பார். அவருக்கு நான் ஒருத்திதான். அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாரும் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துப் பேர் வைக்கும் முறையை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். முதல் பையனுக்கு அப்பாவின் அப்பா பேர். இரண்டாவது பையனுக்கு அம்மாவின் அப்பா பேர். யோசிக்கவே வேண்டியதில்லை, பிள்ளை பிறக்கும் முன்பே பேர் வந்து காத்துக்கொண்டிருக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அந்தப் பேரைத் தூக்கிப் பெற்ற பிள்ளைக்கு வைத்துவிட்டால், பெற்றவள் அவனை எப்படிக் கூப்பிடுவாள்?

என் மூத்தவனுக்கு என் மாமனார் பேர், சென்னியப்பன். எழுதும்போது இப்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது. மாமனார் போய்ச் சேர்ந்து நாளாயிற்று, மன்னிப்பார் என்று நினைக்கிறேன். மாமியாருக்கும் அது புருஷன் பேர், அவர் வாயிலும் வராது. ஆக, வீட்டில் பெண்கள் இரண்டு பேருமே அவனை "சாமி" என்போம், "அப்புனு" என்போம், அவசரத்துக்கு "ஏ, இங்க வா" என்போம். திட்டவும் முடியாது. ஒருநாள் பால் சொம்பைத் தட்டிவிட்டான் என்று "எருமை" என்றுவிட்டேன். மாமியார் என்னைக் கூப்பிட்டு, "அம்மணி, யாரு பேரு வெச்ச புள்ளைய என்ன வார்த்தை சொல்ற?" என்றார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார் அந்தப் பக்கம் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். சிரித்தாரா கோபித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

இத்தோடு போயிற்றா என்றால் இல்லை. என் கணவரின் அண்ணன்மார் இருவரும் அவரவர் மூத்த மகனுக்கு அதே பேரை வைத்திருந்தார்கள். ஆக, ஒரு குடும்பத்தில் மூன்று குட்டிச் சென்னியப்பன், ஒரு பெரிய சென்னியப்பன். ஒரு கல்யாணத்தில் போட்டோக்காரர் "சென்னியப்பன் வாங்க" என்று கூப்பிட, நான்கு பேரும் மேடை ஏறிவிட்டார்கள். அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது. நடுவில் மணமக்கள் முழிக்கிறார்கள்.

நான் அப்போது ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. மூத்தவனையும் அங்கேயே சேர்த்தேன். முதல் வாரம் வருகைப் பதிவேட்டில் பேர் கூப்பிட்டபோது அவன் வாயே திறக்கவில்லை. வகுப்பு டீச்சர் என்னிடம் வந்து, "உங்க பையனுக்குக் காது நல்லாக் கேக்குதுங்களா மிஸ்?" என்று பக்குவமாகக் கேட்டார். காதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அது தன் பேர் என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வீட்டில் யார் கூப்பிட்டார்கள், தெரிவதற்கு?

அதுவரை சிரிப்பு. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வகுப்பில் இருந்ததெல்லாம் விக்னேஷ், கார்த்திக், தினேஷ். நடுவில் சென்னியப்பன் என்று கூப்பிட்டால் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. அவன் ஒருநாள் மத்தியானச் சோற்று டப்பாவைத் திறக்காமல் கொண்டுவந்து, "அம்மா, எனக்கு வேற பேரு இல்லியா?" என்று கேட்டான். அப்போது நான் இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன்.

அடுத்ததும் பையன். பீளமேட்டிலேயே பிரசவம், அப்போது வழக்கமாக எல்லாருக்கும் செய்வதுபோல, கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துவிட்டார்கள். இனிமேல் பிள்ளை இல்லை. பார்க்க வந்த என் அப்பா, குழந்தையின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். முறைப்படி இவனுக்கு அவர் பேர்தான். அவர் பேரை எடுத்துக்கொள்ள உலகத்தில் இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

நான் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் குழந்தைப் பெயர்ப் புத்தகம் ஒன்று வாங்கிவரச் செய்து, தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

கதைகளில் வரும் மாமனார்போல என் மாமனார் குறுக்கே நின்றிருந்தால் பழியை அவர்மேல் போட்டுவிட்டு இன்று நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. "மூத்தவன் எம்பேர எடுத்துக்கிட்டான் அம்மணி. இவனுக்கு உங்கப்பன் பேரு. அதுல பேச்சே இல்ல" என்றார். நான்தான் பேச்சை உண்டாக்கினேன். மூத்தவன் பட்டதே போதும், இவனும் பள்ளிக்கூடத்தில் தலை குனியவேண்டுமா என்று கணவரிடம் அழுதேன். அவர் "ரெண்டும் எனக்குச் செரிதான்" என்று நழுவினார். அவர் பேரையும் நான் சொன்னதில்லை, இப்போதும் எழுத வரவில்லை. 'ரா'வில் ஆரம்பிக்கும் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

தொட்டில் போடும் நாள் வந்தது. தாராபுரத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அப்பா வெளுத்த சட்டை போட்டிருந்தார். முருங்கைக்காய்ப் பையோடு இன்னொரு துணிப்பையும் இருந்தது. அதை யாரிடமும் கொடுக்காமல் தன் காலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

பேரைக் குழந்தையின் காதில் சொல்லவேண்டியது என் நங்கை, அதாவது கணவரின் அக்கா. குனிந்தவர் நிமிர்ந்து, "என்ன பேருங்க சொல்லட்டும்?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். எல்லாரும் என் அப்பாவைப் பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணைப்போல அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிரவீன்" என்றேன் நான்.

மாமனார் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் முதுகில் குத்துகிறது. முதலில் வாய் திறந்தது அப்பாதான். "நல்ல பேருங்க. வாய்க்குச் சுளுவா வருது" என்றார். சொல்லிப் பார்ப்பதுபோல, "பிரவீனு, பிரவீனு" என்று இரண்டுமுறை சொல்லவும் செய்தார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மூத்தவன், சின்னப் பிள்ளைதானே என்று யாரும் கவனிக்காத நேரத்தில், அப்பாவின் துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு வட்டலை வெளியே இழுத்துவிட்டான். சாப்பிடும் தட்டை எங்கள் பக்கம் வட்டல் என்போம். கனமான எவர்சில்வர் வட்டல், புத்தம் புதியது. தரையில் விழுந்து சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. நங்கை எடுத்துப் பார்த்தார்.

"ஏனுங் மாமா, நாச்சிமுத்துன்னு பேரு வெட்டியிருக்குதுங்க?"

எங்கள் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வாங்கமாட்டார்கள். பிறந்த பிள்ளைக்கு ஆயுசுக்கும் இருக்கட்டும் என்று பெரிய வட்டலாகவே வாங்கிப் பேர் வெட்டித் தருவதும் உண்டு. அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

"அது எனக்கு அம்மணி" என்றார் அப்பா. "பழைய வட்டல்ல ஓட்டை உளுந்துபோச்சு. வார வழியில கடையப் பாத்தேன், வாங்கிப்போட்டேன்."

அம்மா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மத்தியானம் எல்லாருக்கும் வாழை இலை போட்டார்கள். அப்பா மட்டும் "எனக்கு இலை வேண்டாங்க, புது வட்டல் இருக்குதில்ல" என்று அந்த வட்டலில் சோறு போட்டுச் சாப்பிட்டார். சொன்ன பொய்யை மெய்யாக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. விருந்து வீட்டில், அத்தனை இலைகளுக்கு நடுவில், ஒற்றை வட்டல். மோர்ச் சோறுவரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டார். பச்சை உடம்புக்காரி வேலை செய்யக்கூடாது என்று மாமியார் தடுத்தும் கேட்காமல், அந்த வட்டலை நானே கழுவினேன்.

கழுவும்போதுதான் பார்த்தேன். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: ரா. நாச்சிமுத்து.

என் அப்பாவின் இனிஷியல் 'மு'. 'ரா' என் கணவருடையது. அது என் பிள்ளைக்கு வெட்டிய பேர். குழாயைத் திறந்துவிட்டபடி கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன். துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பேர் இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உள்ளபடியே சொல்கிறேன், அப்போதும் பேரை மாற்றியிருக்கலாம். பிறப்புச் சான்றிதழ்கூட எழுதவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். வெட்கமா, வீம்பா, இரண்டும் கலந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. பிரவீன் என்ற பேராவது தனியாக நின்றதா என்றால், அவன் பள்ளியில் சேர்ந்த வருஷம் அந்த வகுப்பில் ஐந்து பிரவீன். ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டுப் பிரித்தார்கள். என்னுடையவன் பிரவீன் டி. மூன்று சென்னியப்பனைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டவளுக்கு நன்றாக வேண்டும்.

லீவுக்குப் பிள்ளைகள் தாராபுரம் போவார்கள். அப்பா அந்த வட்டலைப் பரணில் போடவில்லை. தினமும் அதில்தான் சாப்பிடுவார். பிரவீன் அங்கே போனால் மட்டும் அது அவனுக்கு. "பிரவீனு, வட்டல எடுத்துட்டு வா" என்பார். அவன் பேரைச் சொல்லி அவரைப்போல அத்தனை தடவை கூப்பிட்டவர் வேறு யாரும் இல்லை. ஒருமுறை என்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது, "அப்பா, அந்த வட்டலு…" என்று ஆரம்பித்தேன். "பஸ்சு வந்துருச்சு கண்ணு, ஏறு" என்றார். பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் ஆயிற்று. அதுவரை இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிரவீன் பத்தாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டு, பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு அம்மா எங்களோடு வந்துவிட்டார். பிறகு அம்மாவும் போனார். பழைய வீட்டை விட்டு இந்த ஃபிளாட்டுக்கு மாறியபோது, வைக்க இடம் இல்லை என்று அந்தச் சாக்கை அப்படியே பாத்திரக் கடைக்கு அனுப்பிப் புதுக் குக்கர் மாற்றிக்கொண்டேன். சாக்கைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வட்டல் அதற்குள் போய்விட்டது என்று ஞாபகம் வந்தபோது, அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது.

முருங்கைக்காயை நறுக்கி முடித்துவிட்டுப் பிரவீனைக் கூப்பிட்டேன். "நாச்சிமுத்து" என்றேன். மாமனார் பேரைப்போல் இல்லை, நான் தாராளமாகச் சொல்லக்கூடிய பேர். சொல்லி எத்தனை வருஷமாயிற்று. கூப்பிட ஆள் இருந்தால் அல்லவா சொல்ல.

"அட, அந்த வட்டல்ல இருந்த பேரு அப்புச்சி பேருங்களாம்மா? நம்ம இனிஷியல் போட்டிருந்துச்சா, நான் அது அப்பா ஊட்டு ஆளு யாரோன்னே நெனச்சுட்டு இருந்தேன்" என்றான். "அப்புச்சிக்கு எப்படிம்மா 'ரா' வரும்?"

"கடைக்காரன் தப்பா வெட்டிப்போட்டான் கண்ணு" என்றேன். அப்பா பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. நானும் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன்.

"பேரு நெம்ப நல்லா இருக்குதும்மா" என்றான். "அந்த வட்டல எடுத்து வெய்யுங்க. பொங்கலுக்கு வாரப்ப பாப்பாவுக்கு எடுத்துக்கறேன்."

"செரி கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அது இல்லை என்று தெரியும். தெரிந்தும், ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் இருக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறேன்.