வலப்பக்கம் சாய்ந்த தலை

எங்கள் நாயின் தலை சாய்ந்துபோனதை முதலில் பார்த்தவர் எதிர்வீட்டு டிராக்டர்காரர். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிறவர். காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் என் கேட்டைத் தட்டினார்.

"யக்கா, உங்க நாய்க்கு இன்னா ஆச்சி? வட்டமா சுத்திக்கினு இருக்குது. வாயில எச்சி ஒழுவுது."

வெளியே வந்து பார்த்தேன். வெளிர் பழுப்பு நிற நாட்டு நாய், பெட்டை. தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தது. நடந்தால் அந்தப் பக்கமாகவே வட்டமடித்தது. வலது உதடு தொங்கி, அங்கே மட்டும் எச்சில் வழிந்தது. இரண்டு கண்மணிகளும் பக்கவாட்டில் துடித்தன. கூப்பிட்டதும் வாலை ஆட்டியபடி என்னிடம் வரப் பார்த்தது. சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டது.

"வெறிதான்," என்றார் டிராக்டர்காரர். "சந்தேகமே இல்ல."

எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒரு வாரமாக அது வலது காதைப் பின்னங்காலால் சொறிந்துகொண்டிருந்தது. தலையை உதறும். காதைத் தொட்டால் முனகும். அதற்கு முன் கல்வராயன் மலையில் தெரிந்தவர் ஒருவரின் சாமைக்காட்டுக்கு அதையும் கூட்டிப் போயிருந்தேன். இரண்டு நாள் புதருக்குள் புகுந்து ஓடிவிட்டுத் திரும்பியதிலிருந்துதான் இந்தச் சொறிதல். வெறிநோய்த் தடுப்பூசி வருடம் தவறாமல் போட்டிருக்கிறது. இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை.

"எம் பொண்ணு பஸ்ஸுக்கு இந்த வழியாத்தான் போவுது யக்கா," என்றார்.

அந்தப் பயத்தில் தப்பு எதுவும் இல்லை. வெறிநோய் வந்தால் மனிதரும் பிழைப்பதில்லை. ஆனால் பயம் வேறு, தீர்ப்பு வேறு. சங்கிலியில் கட்டி, வாய்க்கூடு மாட்டி, ஆட்டோ வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே முன்வரிசையில் மாடுகள், அடுத்து ஆடுகள். நாயோடு வந்தவள் நான் ஒருத்திதான். சின்னசேலம் பக்கத்திலிருந்து சினைமாட்டை ஓட்டி வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாய்க்கு இன்னாம்மா?"

"காது."

"காதா? பூண்டத் தட்டிப் போட்டு எண்ணெயக் காய்ச்சி ஊத்துனா தீந்துது. இதுக்குப் போயி ஆட்டோ வெச்சிக்கினு வந்தியா?"

"உங்க மாட்டுக்குப் பூண்டு எண்ணெய் ஊத்திப் பாத்தீங்களா?"

பக்கத்தில் ஆட்டுக்குட்டியைப் பிடித்திருந்த பெண் சத்தமாகச் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு, மாட்டை நகர்த்தி எனக்குக் கொஞ்சம் நிழல் விட்டார்.

மருத்துவர் நாய்க்கு மயக்க ஊசி போட்டார். கூம்பு முனை வைத்த சிறு விளக்கைக் காதுக்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு நீளமான இடுக்கியை நுழைத்து மெல்ல இழுத்தார். சீழோடு வெளியே வந்தது ஊசிப்புல்லின் விதை. முனை கூர்மையாக இருந்தது, அதில் பின்பக்கம் பார்த்த மயிர்கள், முறுக்கிய வால். மலையில் ஒரு நடை நடந்தால் புடவைக் கரை முழுக்க ஒட்டிக்கொள்ளும் அதே புல். ஈரம் பட்டால் வால் முறுக்கவிழ்ந்து திரும்பும், முனை உள்ளே துளைத்துக்கொண்டே போகும் என்றார் மருத்துவர். செவிப்பறை கிழிந்து, சீழ் உள்காதுவரை போயிருந்தது. உடம்பை நேராக நிறுத்தும் உறுப்பு அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் தலை சாய்கிறது, கால் வட்டம் போடுகிறது. உதடு தொங்குவதும் அதே பக்கத்து முக நரம்பு பாதித்ததால்.

"எண்ணெய் எதுவும் ஊத்தலயே?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"நல்லதாப் போச்சு. செவிப்பறை கிழிஞ்சிருக்கறப்ப எதையும் ஊத்தவே கூடாது. மாத்திரை குடுங்க. வெறி இல்லன்னுதான் நெனக்கிறேன். இருந்தாலும் கொஞ்ச நாள் கட்டியே வைங்க, எச்சில் கையில படாமப் பாத்துக்குங்க. இன்னொண்ணு, தலை இப்படியே நின்னுடலாம். நேராகும்னு சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலையில் டிராக்டர்காரர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் கையில் சவுக்குமரக் கழி. காலி மருந்துப் புட்டியில் போட்டு வைத்திருந்த விதையைக் காட்டினேன். டிராக்டர்காரர் வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"இத்தினியூண்டு புல்லா தலையச் சாச்சிடும்?"

"உன் கண்ணுல மணல் விழுந்தா டிராக்டர் எங்க போவும்?"

கழி வைத்திருந்தவர், "பேச்சு வேணாம்க்கா. நீங்க உள்ள போங்க, நாங்க பாத்துக்கறோம்," என்றார்.

வெறிநாய் அடித்துக் கொல்லப்பட்டது என்று வரும் செய்திகளைப் பத்திரிகையில் பல வருடம் திருத்தியிருக்கிறேன். அடித்தவர்கள் 'பொதுமக்கள்' என்று இருக்கும். வெறி என்று யார் கண்டுபிடித்தார்கள் என்பது மட்டும் இருக்காது. இந்த நாய்க்கு அப்படி ஒரு வரி எழுதப்பட நான் விடுவதாக இல்லை.

"கட்டிப்போட்ட நாய், கேட்டுக்குள்ள இருக்குது. நான் தெறந்தாத்தான் நீங்க உள்ள வர முடியும். தெறக்க மாட்டேன். போலீசுக்குச் சொல்லணும்னா சொல்லுங்க, டாக்டர் சீட்டோட நானும் வரேன்." மூவரும் முனகிக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

கொல்லையில் மறைவாகக் கட்டி வைக்கச் சொல்லித் தெருவில் இரண்டு மூன்று பேர் யோசனை சொன்னார்கள். மறைத்தால் கதை வளரும். முன்பக்கம், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற வேப்பமரத்தில் கட்டினேன். சங்கிலி எட்டும் தூரத்துக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காலையும் மாலையும் அங்கேதான். வெறி பிடித்த நாய் தண்ணீர் குடிக்காது என்று தெரு முழுக்கச் சொன்னது. அது மட்டும் சோதனை ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உண்மையான சோதனை, வெறி இருந்தால் நாய் சில நாளில் செத்துவிடும் என்பது. நான் அந்தச் சோதனையைத்தான் தெரு பார்க்கட்டும் என்று விட்டேன்.

நாய் சாகவில்லை. முதலில் கண் துடிப்பு நின்றது. பிறகு வட்டமடிப்பது நின்றது. உதடும் ஏறியது. மாத்திரையை மோர்ச்சோற்றில் ஒளித்து வைத்தால் சோற்றை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியது. கருவாட்டில் வைத்தபோது ஏமாந்தது. தலை மட்டும் நேராகவில்லை. கடிகாரத்தில் ஒரு மணிக்குச் சின்ன முள் எப்படி இருக்குமோ அப்படி நின்றுவிட்டது.

மருத்துவர் சரி என்று சொன்ன அன்றே வார் மாட்டித் தெருவில் நடத்திக்கொண்டு போனேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். கடைசி வீடுவரை போய்த்தான் திரும்பினேன். அடுத்த நாளும் போனேன்.

தை மாதம் டிராக்டர்காரர் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்க யக்கா. உங்க நாய ஒரு வேளைக்கு உள்ள கட்டுங்க. தலையச் சாச்சிக்கினு எதுர்ல ஒக்காந்திருந்தா இன்னா நெனைப்பாங்க?"

"குரைக்காமப் பாத்துக்கறேன். உள்ள கட்ட மாட்டேன். அது ஒரு தப்பும் பண்ணல."

"நீங்க ஒரு ஆளு யக்கா," என்று முறைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் வேன் வந்து நின்றது. நாய் கேட்டுக்குள் உட்கார்ந்து எல்லோரையும் சாய்வாகப் பார்த்தது. மாப்பிள்ளையின் மாமா நின்றுவிட்டார்.

"இன்னாங்க இது, தலை இப்பிடி இருக்குது? வெறியா?"

நான் வாய் திறப்பதற்குள் டிராக்டர்காரர் முந்திக்கொண்டார்.

"வெறியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மலையில ஊசிப்புல்லு காதுல பூந்துடுச்சி. டாக்டரு எடுத்துட்டாரு. நீங்க உள்ள வாங்க."

அவர்கள் உள்ளே போனபிறகு என் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார், நாயை இப்போதாவது கொண்டுபோய்க் கட்டும்படி. நான் நாற்காலியை எடுத்து வந்து அதன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.