நெம்மேலியில் சிறகு விரித்த சீன தேவதை

காலை ஏழு மணிக்கு நெம்மேலி கடற்கரையில் ஒரு சீன தேவதை நிற்கிறாள். ஊரப்பாக்கத்துப் பெண், பெயர் நிவேதா. ஏதோ சீன மாயக்கதையில் வருகிறவளாக வேடமிட்டிருக்கிறாள்: வெள்ளி நிறக் கிரீடம், இடுப்பு வரை பொய்முடி, மணலைத் தொடும் நீளக் கைகள் வைத்த அங்கி. ஆறு மாதமாக அவளே தைத்ததாம். பைக்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறேன்.

அந்தக் கைகள் சிறகுபோல விரிய வேண்டும் என்கிறாள் படமெடுக்கும் தோழி. காற்றோ ஒவ்வொரு முறையும் துணியை முகத்தில் அப்புகிறது. வெயில் ஏறுகிறது, ஒப்பனை கரைகிறது. நிவேதாவுக்கு அழுகை முட்டுகிறது.

படகோரம் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் எழுந்து வருகிறார்.

"இன்னாம்மா, பறக்கணும், அவ்ளோதான?"

அங்கியின் இரு கை நுனிகளிலும் தூண்டில் நரம்பைக் கட்டுகிறார். ஒன்றை என்னிடம் நீட்டுகிறார். "சார், அந்தாண்ட போயி இஸ்த்துப் புடி."

"போட்டோல நரம்பு தெரியாதாண்ணா?" என்கிறாள் நிவேதா.

"மீனு கண்ணுக்கே தெரியாது. கேமராவுக்கா தெரியப் போவுது?"

இருவரும் இருபுறம் இழுக்கிறோம். சிறகு விரிகிறது.

எடுத்த படத்தில் நாங்கள் தேவதையைப் பார்க்கிறோம். மீனவர் மட்டும் கண்ணை இடுக்கி நரம்பைத் தேடுகிறார்.

"காணோம்" என்கிறார், முகமெல்லாம் சிரிப்பாக.