கடலுக்குப் போற வழியில நின்ன கிராப்பு

இன்னிக்குக் காலையில எங்க வீட்டுக் கூடத்துல ஒரு மேப்பு விரிஞ்சுச்சு மக்களே!

கடற்கரை மேப்பு!!

(நீலம் பூசுன எடத்தை விரலால தடவிப் பாத்தேன். சும்மா ஒரு ஆசைதான்!)

தேவதானப்பட்டியில பொறந்து போடிக்கு வாக்கப்பட்டவ நான். எந்தப் பக்கம் திரும்புனாலும் மலை. நான் பாத்ததுலயே பெரிய தண்ணி எங்க ஊர்க் கம்மாய்தான். அலைன்னா எப்படி இருக்கும்னு இதுவரைக்கும் தெரியாது.

எங்க மாமனார் போடி பஜார்ல ஏலக்காய் வியாபாரம். இப்பத்தான் பழைய கார் ஒண்ணு வாங்கியிருக்காக. அதுல வீட்டோட கடலோரமாவே ஒரு சுத்து போயிட்டு வரலாம்னு எங்க வீட்டுக்காரக ஐடியா போட்டாக. பென்சிலால கோடு இழுத்துக்கிட்டே சொன்னாக பாருங்க...

"மொதல்ல தூத்துக்குடி. முத்துக் குளிக்கிற ஊரு, கப்பல் பாக்கலாம். அடுத்தது காயல்பட்டணம். அந்தக் காலத்துல அரபு நாட்டுக் குதிரையெல்லாம் வந்து எறங்குன எடம் புள்ள! அப்புறம் குலசேகரப்பட்டணம், மணப்பாட்டுல மணல்மேட்டு மேல சர்ச்சு, வட்டக்கோட்டை, கடைசியில கன்னியாகுமரி!"

எனக்குத் தலகால் புரியல. எந்தச் சேலை கட்டுறதுங்குற அளவுக்குப் போயிட்டேன்.

அப்ப அத்தை, எங்க வீட்டுக்காரகளோட ஆத்தா, வந்து மேப்பைக் குனிஞ்சு பாத்தாக. (அத்தைக்கு எழுத்து தெரியாது. ஆனா கோடு தெரியும்!)

"ஏலே, கடலோரமாவே வந்த கோடு இங்கன மட்டும் ஏன்லே உள்ளாற வளையுது?"

எங்க வீட்டுக்காரக மொகம் மாறிப்போச்சு.

"அது வந்து ஆத்தா... காயல்பட்டணத்துல இருந்து நாசரேத்து, உடன்குடி சுத்திப் போனா ரோடு நல்லாருக்கும்னு..."

"நேரா போனா எந்த ஊருலே வரும்?"

அவுக மேப்பை மடிக்கப் பாத்தாக.

"எந்த ஊருலே?"

"...திருச்செந்தூர்."

மாட்டிக்கிட்டாக!!

விஷயம் இதுதான். எங்க வீட்டுக்காரகளுக்குச் சின்னதுல மலைக்காச்சல் வந்தப்ப, புள்ள பொழச்சா மொட்டை போடுறேன்னு அத்தை திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கிட்டாக. புள்ளையும் பொழச்சாச்சு, வளந்தாச்சு, கல்யாணமும் ஆச்சு, மொட்டை மட்டும் இன்னும் போடல. இப்ப அவுக மெட்ராஸ் போயி கிராப்பு வெட்டிட்டு வந்திருக்காக. குடுமியை எடுத்ததுக்கே வீட்ல ஒரு வாரம் ரகளை. அந்தக் கிராப்பைச் சீவுறதுக்கு மட்டும் நான் சமைக்கிற நேரம் ஆகும்!

"சாமிக்குச் சொன்னதைச் செய்யாம அவன் ஊரையே சுத்திப் போனா காரு நகருமாலே? திருச்செந்தூர் இல்லைன்னா ஒரு ஊரும் இல்ல!" அப்படின்னாக அத்தை.

"மொட்டைன்னா நான் வரல. பயணமே வேணாம்!" அப்படின்னாக இவுக.

என் கடல் போச்சே! எனக்கு அழுகையே வந்துருச்சு.

அந்த நேரம் பாத்து அவுக அக்கா, எங்க மதினி, அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, "தம்பி, என்னோடதும் ஒண்ணு இருக்குப்பா"ன்னாக.

"என்னக்கா?"

"எனக்குச் சுகப்பிரசவம் ஆனா உனக்கு மொட்டை போடுறதா வேண்டியிருக்கேன்."

"புள்ள பெத்தது நீ! மொட்டை எனக்கா?"

"பின்ன, எனக்கா போடச் சொல்ற?"

(எங்க பக்கம் இதான் வழக்கம். வேண்டுறது ஒரு வாய், முடி கொடுக்குறது இன்னொரு தலை!)

இதையெல்லாம் கேட்டு ஊஞ்சல்ல விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டிருந்தாக மாமா. சிரிச்சு முடிச்சு கண்ணைத் தொடைச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னாக:

"நானும் ஒண்ணு வேண்டிருக்கேன்லே. கார் வாங்குற யோகம் வந்தா உன் முடியைத் தாரேன்னு..."

எங்க வீட்டுக்காரக ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டாக. (இருக்கும்போதே பிடிச்சுக்கிடணும்ல!)

"சரி, மூணுக்கும் சேத்து ஒரே மொட்டை!" அப்படின்னாக மாமா.

"அதெப்படி? ஒரு வேண்டுதலுக்கு ஒரு மொட்டைதான்!" அப்படின்னாக மதினி.

(அப்ப மூணு தடவை கடல்! நான் வாயே தெறக்கல!)

திடீர்னு எங்க வீட்டுக்காரக எந்திரிச்சாக. நேரா முருகன் படத்துக்கு முன்னால போயி கையைக் கூப்பி, தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னாக:

"முருகா! எங்க காரு ஒரு எடத்துலயும் மக்கர் பண்ணாம உன் வாசல்ல வந்து நின்னுச்சுன்னா, நான் முடி தாரேன். எங்க அப்பா மீசையைத் தருவாக!"

ஊஞ்சல் நின்னுருச்சு.

மாமா மீசை போடி பஜாருக்கே தெரியும் மக்களே. விலை பேசும்போது அதை ஒரு தடவை முறுக்குனா, எதுக்கால நிக்கிற வியாபாரி தானா எறங்கி வருவான்.

"ஏலே... என்னலே இது?" மாமா கொரலு பாதியா வந்துச்சு.

அத்தை அசரல. திருநீறை எடுத்து மொதல்ல மகன் நெத்தியில, அடுத்து மாமா நெத்தியில பூசுனாக. "சாமி முன்னால சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை கெளம்புறோம்!"

நான் குதிச்சேன்! நெசமாவே குதிச்சேன்!

சாயங்காலம் கார் பக்கத்துல மாமா டிரைவர்கிட்டப் பேசிக்கிட்டிருந்தாக. டிரைவர் குமுளிக்காரரு, காரைப் பத்தி ஒரு சொல்லு தாங்க மாட்டாரு.

"ஏப்பா, வண்டி வழியில எங்கனயாச்சும் நிக்குமா?"

"நிக்கவே நிக்காது முதலாளி! நான் கேரண்டி!"

"நல்லாப் பாத்துச் சொல்லுப்பா. பழைய வண்டிதான?"

"கன்னியாகுமரி வரைக்கும் ஒரு எடத்துல நின்னாலும் என் பேரை மாத்திக்கிறேன்!"

மாமா மீசையைத் தடவிக்கிட்டே உள்ள வந்தாக. என்னைப் பாத்ததும் ரொம்பப் பாசமாக் கேட்டாக:

"ஏம்மா... நம்ம எல்லாரும் ரயில்ல போனா என்ன?"