கார் நிறுத்த ஓர் இடம்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை ஸ்டியரிங்கைத்தான் பிடித்திருக்கிறது, பேனாவைப் பிடித்தது குறைவு. எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். படிக்கிறவர்கள் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிக்கு வந்து நான்கு வருடம் ஆகப்போகிறது. இங்கும் மலை இருக்கிறது, தேயிலை இருக்கிறது, விடியற்காலையில் பனி இறங்குகிறது. ஆனாலும் தினமும் ஒரு விஷயத்தில் தடுமாறுகிறேன். இங்கே பஸ் கண்டக்டர்கள் விசில் ஊதுகிறார்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. சிலோனில் நம் ஊர் பஸ்ஸில் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும். விசில் என்பது அட்டன் சந்தியில் பொலிஸ்காரர் வாயில் இருந்த சாமான். அதனால் பயணியாக உட்கார்ந்து போகும்போதும் விசில் கேட்டால் என் வலது கால் பிரேக் என்று நினைத்துத் தானாகப் பஸ் பலகையை ஓங்கி மிதிக்கிறது. பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்து, “கால் மரத்துப் போச்சுங்களா?” என்று கேட்பார். “ஆமாங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். விளக்கிச் சொல்லும் துணிச்சல் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

இங்கே ஒரு தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வேன் ஓட்டுகிறேன். எனக்கு சிலோனில் கார் இருந்தது என்று என் மனைவி பாக்கியம் குழாயடியில் யாரிடமோ சொல்லிவிட்டாள். மறுநாளே கொழுந்து நிறுக்கிற கணக்குப்பிள்ளை பிடித்துக்கொண்டார்.

“ஏங்க, சிலோன்ல சொந்தமா கார் வச்சிருந்தீங்களாமே?”

“ஒரு கிழமைதாங்க இருந்தது.”

“எந்தக் கிழமை? ஞாயித்துக்கிழமையா?”

நாம் ஏழு நாளைக் கிழமை என்போம். இவர்களுக்குக் கிழமை என்றால் ஒரு நாள். அதை நான் சொல்லி முடிப்பதற்குள் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். “வாரத்துல ஒரு நாள் மட்டும் கார்ல போன மகராசன்யா இவரு!” அன்றிலிருந்து எனக்கு ஞாயித்துக்கிழமைக் கார்க்காரர் என்று பெயர். எங்கள் பழைய ஊர் நோர்வூட்டில் இருந்து வருகிற கடிதங்களிலும் சிலர், அந்தக் காரை ஏன் வாங்காமல் விட்டாய் என்று கேட்கிறார்கள். அங்கே இருப்பவர்களுக்கும் என்னைப் போல இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் ஒரே தடவையில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நோர்வூட்டுக்கு மேலே இருந்த தோட்டத்தில் நான் லொறி டிரைவர். எங்கள் சின்னத்துரை, அதாவது உதவி மானேஜர், கொழும்புக்காரர், வயது முப்பதுக்குள். கப்பலில் வந்த பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினைக் கழற்றி என்னென்னவோ செய்து வைத்திருந்தார். இரண்டு கதவு. பின்பக்கம் பெட்டி மூடியைப் போல மேலே திறக்கும். புகைக்குழாய் என் முன்கை பருமன். பார்க்கச் சின்னக் குடும்பக் கார், உள்ளே ரேஸ் எஞ்சின். இந்த ஜாதிக் காருக்கு ஹொட் ஹட்ச் என்று பெயர் என்றார். சித்திரை மாதம் நுவரெலியாவில் மலை ஏறும் கார்ப் போட்டிக்கு அதில்தான் போவார். சனிக்கிழமைகளில் அதைக் கழுவித் துடைப்பது என் வேலை. கழுவும்போது எஞ்சினைக் கொஞ்ச நேரம் உறும விட்டுக் கேட்பேன். அவருக்கும் அது தெரியும்.

அவர் அவுஸ்திரேலியாவுக்குக் குடியேறிப் போக முடிவானது. ஒருநாள் சாவியை என் கையில் வைத்தார். “நீதான் இதுக்குச் சரியான ஆளு. வெலையைப் பத்தி யோசிக்காத, ஒனக்குக் கொறைச்சுத் தாறேன். ஒரு கிழமை ஓட்டு. வேலைக்கு, கடைக்கு, கோயிலுக்கு, எல்லாத்துக்கும் ஓட்டு. பொறகு வேணுமா வேணாமா சொல்லு.”

எங்கள் நிலைமையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நானும் பாக்கியமும் அந்த மலையில் பிறந்தவர்கள். ஆனால் என் அப்பா சாவதற்கு முன்னால் எங்களுக்கும் சேர்த்து இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார். இந்தியப் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது, அது வந்தால் போயே ஆக வேண்டும். எப்போது போகச் சொல்வார்கள் என்றுதான் தெரியாது. அடுத்த மாதம் என்பார்கள், பிறகு அடுத்த வருடம் என்பார்கள். தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டே தீபாவளிகள் போயின. எனக்குப் போக விருப்பமில்லை. அதை யாரிடம் சொல்வது, சொன்னால் யார் கேட்பார்கள் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் சாவி கையில் விழுந்தது. நோர்வூட்டில் வாடகைக்கு ஓட்டலாம், தோட்டத்தை விட்டு வெளியே நம் காலில் நிற்கலாம் என்று நினைத்தேன். அதற்கும் அடியில் ஒரு பைத்தியக்கார நினைப்பு இருந்தது. சொந்தமாகக் கார் வைத்துத் தொழில் செய்கிறவனைப் பிடித்து யார் கப்பல் ஏற்றுவார்கள்?

முதல் நாள் லீவு போட்டுவிட்டு கினிகத்தேனை வரை இறங்கித் திரும்பி ஏறினேன். அந்த ஏற்றத்தை லொறியில் ஆயிரம் தடவை ஏறியிருக்கிறேன். பாரத்தோடு வந்தால் முதல் கியரில் முனகும், நடந்து போகிறவன் நம்மை முந்திப் போவான். அன்றைக்கு மூன்றாம் கியரில் மலை எனக்கு வழிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் கார் ரோட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். எதிரே வந்த பஸ் டிரைவர் கையைக் காட்டினார். யாரோ பெரிய மனிதர் என்று நினைத்திருப்பார்.

ஆனால் தினமும் ஓட்டுவது வேறு கதை. தோட்டத்து ரோட்டில் நடுவே புல் முளைத்த மேடு உண்டு. காரின் வயிறு அதில் உரசி, பல்லைக் கடிப்பது போலச் சத்தம் வந்தது. பெற்றோலைத் தண்ணீராகக் குடித்தது. ஏதாவது உடைந்தால் சாமானுக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். பின் சீற்றில் ஆள் ஏற முன் சீற்றை மடக்க வேண்டும். வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் எப்படி ஏறுவார்கள்?

லயத்து வாசலில், எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால், காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது முழு லயமும் வெளியே வந்தது. பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், இருந்த காளி சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “டேய் சுப்பையா, கார வாங்குறியா, தவளைய வாங்குறியா? வயிறு நெலத்துல கெடக்கே!” அந்தப் பக்கமாக வந்த கண்டாக்கு ஐயா, மலை வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர், பின் கதவைத் தூக்கி மூடிப் பார்த்தார். “டிரைவர், ரெண்டு சாக்குக் கொழுந்து தாராளமாப் போடலாம் போலயே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

பாக்கியத்தை மஸ்கெலியாக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“என்னங்க இது, தரையில குந்திக்கிட்டுப் போற மாதிரி இருக்கு.”

“பழகிரும்.”

“கொஞ்சம் மெதுவாப் போங்க. சாமி எங்கயும் ஓடிறாது.”

தண்ணீர்த் தேக்கம் தெரியும் இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். பாக்கியம் கேட்டாள். “இத வாங்கிட்டா நம்மள அனுப்ப மாட்டாங்களாங்க?” என் மனதில் இருந்ததை அவள் வாயால் கேட்டதும் அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனம் என்று தெரிந்தது. கியரை மாற்றினேன்.

அன்று மாலையே வாச்சர் மருதை வந்தான். காவல் வேலை, என்னைவிட இளையவன். காரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

“அண்ணே, பெரிய தொர சொல்லச் சொன்னாரு. கார லயத்துல போடக் கூடாதாம்.”

“ஒரு கிழமைக்குத்தானடா?”

“ஒரு ராவுக்கும் கூடாதாம். நான் என்னண்ணே செய்ய?”

மறுநாள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். பெரியதுரை கோபப்படவில்லை. “நீ ஓட்டுற லொறி எங்க நிக்கிது?” என்று கேட்டார். ஃபேக்டரி ஷெட்டில் என்றேன். “அது தோட்டத்து லொறி, தோட்டத்து ஷெட். லயமும் தோட்டத்து லயம். ஒன் காருக்கு ஒன் எடத்தப் பாத்துக்க.” அவ்வளவுதான். ஞாயமான பேச்சு. சரிங்க என்று திரும்பி நடந்தேன். நடக்கும்போதுதான் சுற்றிப் பார்த்தேன். ரோடு தோட்டத்துடையது. குழாயடி தோட்டத்துடையது. நான் கீரை போட்டிருந்த பாத்தியும், நான் பிறந்த காம்பராவும், அப்பாவைப் புதைத்த மேடும் தோட்டத்துடையவை. நாற்பத்து மூன்று வயதில், ஒரு கார் நிற்கும் அளவு நிலம் எனக்கு இந்த நாட்டில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதுவரை நிறுத்துவதற்கு என்னிடம் எதுவும் இருந்ததில்லை, அதனால் தெரியாமல் இருந்திருக்கிறது.

நோர்வூட் கடைத்தெருவில் பியசேன முதலாளியிடம் போனேன். சிங்களவர். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் விற்கிற கடை. என்னை மல்லி என்றுதான் கூப்பிடுவார், தம்பி என்று அர்த்தம். “ஐயோ மல்லி, இதுக்கெல்லாம் கேக்க வேணுமா? பின்னால ஷெட் இருக்குத்தானே” என்று அவரே சாக்குகளை இழுத்துப் போட்டு இடம் பண்ணினார். கார் அதற்குள் அளவெடுத்தது போல நின்றது. அவர் மனைவி எனக்கு பிளேன்டீ கொடுத்தார். அன்று லயத்துக்கு நடந்து ஏறியபோது காரை வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். வயிறு உரசினால் உரசட்டும், பெற்றோல் குடித்தால் குடிக்கட்டும்.

இரண்டு நாள் கழித்து முதலாளி என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப் போனார். “மல்லி, கோபம் வேணாம். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கெட்ட காலம். போன கொழப்பத்துல தமிழ் ஆளுட சாமான் எங்க இருக்குன்னு தேடித்தானே பத்த வெச்சது. இது பலகை ஷெட். பக்கத்துல மண்ணெண்ணெய் பீப்பா. கார் நிக்கிறது எல்லாருக்கும் தெரியும்.” அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு கெட்ட மனிதர் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். “பரவாயில்லைங்க முதலாளி” என்று நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை சின்னத்துரை பங்களாவுக்குக் காரைக் கழுவிக் கொண்டுபோனேன். சாமான்கள் பாதி பெட்டிகளில் கட்டிக் கிடந்தன.

“என்ன சுப்பையா, முடிவு?”

“நல்ல காருங்க தொர. நிறுத்த எடம் இல்லைங்க.”

அவர் சிரித்தார். “சரி சரி, வெலைதானே? கொறைக்கிறேன்.” ஒரு விலை சொன்னார்.

“வெலை இல்லைங்க தொர. எடந்தான் இல்ல.”

“இன்னும் கொறைக்கணுமா?” மறுபடி ஒரு விலை சொன்னார். யாரும் கனவிலும் கேட்காத விலை. அவருக்குக் கொழும்பில் அப்பா வீடு, கண்டியில் மாமா தோட்டம், இனி அவுஸ்திரேலியாவில் ஒரு வீடு. காருக்கு நிற்க இடமில்லை என்றால் அது பேரம் பேசுகிறவன் சொல்லும் சாக்காகத்தான் அவர் காதில் விழும். நான் தலையைக் குனிந்து நின்றேன். நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரிந்திருந்தால் புரிய வைத்திருப்பேன். அவர் முகம் மாறியது. “ஒங்க ஆக்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் போதாது” என்று சொல்லி சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வார்த்தையோடுதான் அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போயிருப்பார். என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது மட்டும்தான்.

காரைக் கண்டியில் இருந்து வந்த ஒருவர் எடுத்துப் போனார். மூன்று மாதத்தில் எங்களுக்கும் நாள் குறித்து வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். பாக்கியம் அழவில்லை. நானும் அழவில்லை. சுற்றி அழுதவர்களின் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இங்கே காலனியில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு கிடைத்திருக்கிறது. பட்டா என் பெயரில். வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் இருக்கிறது. போன மழைக்கு முன்னால் ஆற்றோரத்தில் இருந்து தட்டைக் கற்களைக் கொண்டுவந்து அதில் இரண்டு வரிசையாகப் பதித்தேன். இரண்டு வரிசைக்கும் நடுவே எவ்வளவு அகலம் விட வேண்டும் என்று அளக்க வேண்டியிருக்கவில்லை, அந்தக் காரின் டயர்களைக் கழுவிய கைக்கே தெரிந்திருந்தது. கோத்தகிரியில் எனக்குக் கார் வாங்கும் ஆசை கிடையாது. இங்கே வாங்கி எந்த ரோட்டில் ஓட்டுவது? பக்கத்து வீட்டுக்காரர், கழுவு தண்ணீர் போக வழி செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பாக்கியம் கல்லை ஒன்றையும் அசைக்காமல், இரண்டு வரிசைக்கும் நடுவே கோஸ் நட்டிருக்கிறாள்.

கோத்தகிரி
1986, கார்த்திகை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை